நிமோனியா ஊசியில தொண்டைக்கரப்பான் புரதம் எதுக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க

மழைத்துளி_தலவாக்கலை எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு ரெண்டு மாசம் முடிஞ்சிருச்சு, கிளினிக்ல பென்டா ஊசி (அஞ்சு நோய்க்குச் சேத்துப் போடுறது) முதலாவது போட்டாச்சு. வீட்டுக்காரருக்கு கொழும்புல வேல, அங்க ஒரு டொக்டர் நியூமோகொக்கஸ் (நிமோனியாக் கிருமி) ஊசியும் போட்டா நல்லம்னு சொன்னதால காசு கட்டி போடலாம்னு இருக்கோம். போட முன்னாடி அந்தப் பெட்டிக்குள்ள இருக்குற தாளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி ராத்திரி உக்காந்து வாசிச்சேன், அதுல ஒவ்வொரு கிருமி வகையோட பேருக்குப் பக்கத்துலயும் தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா) சி.ஆர்.எம். 197 காவிப் புரதத்தோட இணைக்கப்பட்டதுனு போட்டிருக்கு. பிள்ளைக்கு தொண்டைக்கரப்பான் ஊசி பென்டாலயே இருக்கே, திரும்ப எதுக்கு? ஒரே சாமான ரெண்டு தடவ ஏத்துறாங்களா? இல்ல இதப் போட்டா அது தேவையில்லையா? எங்க லயத்துல போன மாரி மழைக்கு மூணு பிள்ளைங்க சளி கட்டி ஆஸ்பத்திரில கிடந்துச்சு, அதனால ஊசி வேணாம்னு சொல்ல வரல, விளங்கிக்கிட்டு போடணும்னுதான் கேக்குறேன்.

கிளினிக்_அக்கா எழுதியது:
தங்கச்சி, முதல்ல கடைசிக் கேள்விக்கு பதில் சொல்லிடுறேன், அதுதான் அவசரம். அந்த ஊசி போட்டாலும் பென்டா மூணு தடவயும், 18 மாசத்துல முக்கூட்டு ஊசியும், 5 வயசுல போடுறதும் ஒண்ணும் குறையக் கூடாது. நிமோனியா ஊசில இருக்குற தொண்டைக்கரப்பான் புரதத்த தொண்டைக்கரப்பான் தடுப்பூசியா கணக்குல எடுக்க மாட்டாங்க. நான் 20 வருசத்துக்கு மேல தோட்டம் தோட்டமா ஏறி இறங்கினவ, தாய்மார் இப்படி தாளை வாசிச்சு கேட்டா எனக்கு உண்மையிலயே சந்தோசம். ஏன் அந்தப் புரதத்த சேத்தாங்கன்னு லெப் தம்பிதான் வந்து சொல்லணும்.

லெப்_மேசை எழுதியது:
வந்துட்டேன் அக்கா. ஹட்டன்ல வளந்தவன், உயிரிரசாயனம் படிச்சிட்டு இப்ப வெளில ஒரு லெப்ல வேல. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நியூமோகொக்கஸ், ஹிப், மெனிங்கோகொக்கஸ் (கடைசி ரெண்டும் மூளைக்காய்ச்சல் குடுக்குற கிருமிங்க), நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) கிருமி, இதுங்க எல்லாத்துக்கும் மேல ஒரு சீனிப் போர்வை இருக்கு, நம்ம தேத்தண்ணிக்குப் போடுற சீனி இல்ல, நீளமான சங்கிலி, ஏ.எல். புத்தகத்துல பல்சக்கரைட்டுனு படிச்சிருப்பீங்க. அந்தப் போர்வைக்கு எதிரா பிறபொருளெதிரி (அன்டிபொடி) உண்டாச்சுன்னா கிருமி அடங்கிரும், அதனால போர்வைய மட்டும் பிரிச்சு எடுத்து ஊசியா போட்டா பெரியவங்களுக்கு ஓரளவு வேல செய்யும். ஆனா ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க உடம்பு அந்த வெறும் சீனிய பெரும்பாலும் கணக்குலயே எடுக்காது. இதுல பல கிருமிங்க அதிகமாத் தாக்குறது அந்த வயசுப் பிள்ளைங்களத்தான். யாருக்கு மிச்சம் தேவையோ அவங்களுக்கே வேல செய்யல, இதுதான் பழைய ஊசியோட பிரச்சின.

ஏன் கணக்குல எடுக்காதுன்னா, இத ஒரு கடிதம் மாதிரி நெனச்சுப் பாருங்க. நம்ம அம்மாமார் கந்தோருக்கு தமிழ்ல கடிதம் கொண்டு போவாங்க, உள்ள இருக்குறவருக்கு தமிழ் வாசிக்க வராது, கடிதம் மேசையிலயே கிடக்கும். அதோட சிங்களத்துல எழுதின ஒரு பக்கத்த சேத்து பின் அடிச்சுக் குடுத்தா வேல நகரும். உடம்புல நோயெதிர்ப்புக்குனு பீ (B), டீ (T)னு ரெண்டு வகை வெள்ளைக் கலம் இருக்கு, பீ கலம்தான் கடிதத்த வாங்குறது, சீனிய அது அடையாளம் கண்டுக்கும். ஆனா ஃபைல நகத்தி சீல் குத்துறது டீ கலம், அதுக்கு சீனி வாசிக்க வராது, புரதத் துண்டுதான் வாசிக்கும். சீனியோட ஒரு புரதத்த பின் அடிச்சுக் குடுத்தா பீ கலம் சீனியப் பிடிச்சு மொத்தத்தையும் உள்ள இழுத்து, புரதத்த வெட்டி, ஒரு துண்ட வெளில தூக்கிக் காட்டும், டீ கலம் அத வாசிச்சிட்டு சரி நீ வேலைய ஆரம்பினு உத்தரவு குடுக்கும். அந்த உத்தரவுக்கு அப்புறம் பீ கலம் செய்ற பிறபொருளெதிரி சீனிக்கு எதிரானது, கூடவே ஞாபகக் கலமும் உண்டாகும். பின் அடிச்ச அந்தப் பக்கம்தான் காவிப் புரதம்.

பின் அடிக்கிறதுனு நான் சும்மா சொல்லல. சீனியையும் புரதத்தையும் ஒரே போத்தல்ல கலந்து போட்டா மட்டும் போதாது, ரெண்டும் தனித்தனி கலத்துக்குப் போயிரும், இரசாயனப் பிணைப்பு இருக்கணும். அதனாலதான் தொழிற்சாலைல எவ்வளவு சீனி பிணைப்பில்லாம தனியா கிடக்குனு ஒவ்வொரு பேட்ச்லயும் அளந்து பாக்குறாங்க.

மழைத்துளி_தலவாக்கலை எழுதியது:
கடிதம் விசயம் நல்லா விளங்குது அண்ணே, எங்க அப்பாவோட பிறப்புச் சான்றிதழ் திருத்துறதுக்கு நானே அப்படி பின் அடிச்சு அலைஞ்சவதான். ஆனா பின் அடிக்கிற பக்கம் ஏன் தொண்டைக்கரப்பானா இருக்கணும், பயமில்லாத வேற புரதம் கிடையாதா?

அப்புத்தளை_காத்து எழுதியது:
எனக்கும் அதே கேள்விதான். தொண்டைக்கரப்பான் நச்சு, ஏற்புவலி (டெட்டனஸ்) நச்சு, இதெல்லாம் மனுசனக் கொல்ற சாமான். அத ஃபோர்மலின்ல போட்டு எடுத்து பிள்ளைக்குப் போடுறாங்கன்னு வாசிச்சேன். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, எல்லா ஊசியும் போட்டிருக்கேன், ஆனா இத யாரும் ஒழுங்கா விளக்கி சொன்னதில்ல, கேட்டா கோவப்படுறாங்க.

லெப்_மேசை எழுதியது:
அண்ணே கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல. ஏற்புவலி நச்சையும் தொண்டைக்கரப்பான் நச்சையும் ஃபோர்மலின் போட்டு முடக்கி டொக்சொயிட் ஆக்குறது உண்மைதான், அது 1920கள்ல இருந்து நடக்குற வேல, நம்ம எல்லாருக்கும் சின்னதுல போட்டது அதுதான். மிச்சமிருக்குற ஃபோர்மலின் மிகக் கொஞ்சம், அதோட நம்ம உடம்பே வளர்சிதைமாற்றத்துல ஃபோர்மல்டிஹைட் உண்டாக்கிக்கிட்டேதான் இருக்கு. இந்த ரெண்டையும் காவியா எடுத்ததுக்குக் காரணம் பல கோடிப் பிள்ளைங்களுக்குப் போட்டுப் பாத்த புரதம், டீ கலத்த நல்லா எழுப்பும்னு தெரியும், பாதுகாப்பும் தெரியும். புதுசா ஒரு புரதத்த எடுத்தா அத முதல்ல இருந்து நிரூபிக்கணும்.

சி.ஆர்.எம். 197 வேற கத. அதுல நச்ச ஃபோர்மலின் போட்டு முடக்க வேண்டிய தேவையே இல்ல, அது பிறக்கும்போதே நச்சில்லாதது. தொண்டைக்கரப்பான் நச்சுக்கான மரபணு பக்டீரியால இல்ல, பக்டீரியாவத் தாக்குற ஒரு வைரசுல இருக்கு. 1970களோட தொடக்கத்துல உச்சிடா, பப்பன்ஹைமர் ஆக்கள் அந்த வைரச விகாரப்படுத்தி உருமாறின நச்சுகள ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தாங்க, அதுல ஒண்ணுதான் 197. முழுப் புரதத்துலயும் ஒரே ஒரு இடம் மாறியிருக்கு, 52ஆவது இடத்துல கிளைசின் இருக்க வேண்டிய இடத்துல குளுட்டாமிக் அமிலம். அந்த ஒரு மாற்றத்தால நச்சு கலத்தோட புரத உற்பத்திய நிறுத்துற வேலையச் செய்ய முடியாது, ஆனா வெளி உருவம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. ஃபோர்மலின் போட்டா புரதத்துல இருக்குற லைசின்ங்கற அமினோ அமிலங்கள்ல பல அடைபட்டுப் போகும், சீனியக் கோக்குறதுக்கு அந்த லைசின்தான் கொக்கி, இதுல கொக்கி எல்லாம் திறந்தே இருக்கும். இரசாயனக்காரங்களுக்கு இத ஏன் இவ்வளவு பிடிக்கும்னா இதுக்காகத்தான்.

ஏஎல்_பயோ_பண்டாரவளை எழுதியது:
அண்ணா எங்க சேர் நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) பாடத்துல இத ஒரு வரில முடிச்சிட்டார். இத முதல்ல யார் கண்டுபிடிச்சது? அத்தோட சீனிய புரதத்துல எப்படிக் கோப்பாங்க?

லெப்_மேசை எழுதியது:
தங்கச்சி, அடிப்படை யோசனை 1929ல வந்தது. நியூயோர்க் ரொக்ஃபெல்லர் நிறுவனத்துல ஏவரியும் கோபலும் எளிய வெல்லங்கள புரதத்தோட இணைச்சுக் காட்டினாங்க, 1931ல நியூமோகொக்கஸ் மூணாம் வகையோட போர்வைய குதிரை சீரத்துல இருக்குற குளோபுலினோட இணைச்சு முயலுக்குப் போட்டப்போ பிறபொருளெதிரி உண்டாச்சு, வெறும் போர்வைக்கு முயல் அசையல. டீஎன்ஏதான் பரம்பரைப் பொருள்னு பிறகு காட்டின அதே ஏவரிதான். அதுக்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல அது ஊசியாகாமக் கிடந்துச்சு. அமெரிக்காவுல ஷ்னியர்சன், ரொபின்ஸ் ஒரு பக்கமும், ஸ்மித், அண்டர்சன் இன்னொரு பக்கமும் ஹிப் கிருமிக்காக அத திரும்பக் கையில எடுத்தாங்க. 1985ல அங்க வெறும் சீனி ஹிப் ஊசி ரெண்டு வயசுப் பிள்ளைங்களுக்கு வந்துச்சு, 1987ல முதலாவது இணைப்பு ஊசி, அதாவது சீனியையும் புரதத்தையும் கோத்தது. நாலு பேருக்கும் 1996ல லாஸ்கர்ங்கற மருத்துவ ஆராய்ச்சி விருது கிடைச்சுது.

கோக்குற முறை பல இருக்கு. ஒண்ணு, பெர்அயடேட் போட்டு சீனிச் சங்கிலிய அங்கங்க திறந்து அல்டிஹைட் உண்டாக்கி, அத லைசினோட அமினோ கூட்டத்தோட சேத்து, சயனோபோரோஹைட்ரைட் போட்டு இறுக்குறது. அதிகமாத் திறந்தா சீனியோட வடிவமே கெட்டுப் போயிரும், குறைவாத் திறந்தா பிணைப்பு போதாது, இந்த அளவப் பிடிக்கிறதுக்குள்ள வருசக்கணக்கா லெப்ல கிடக்கணும். நெருப்புக்காய்ச்சல் கிருமியோட போர்வையான வீஐ (Vi) சீனிக்கு அந்த முறை சரிப்படாது, அதுல கார்பொக்சில் நிறைய இருக்கு, அதனால இடையில ஒரு பாலம் மாதிரி அடிப்பிக் அமில டைஹைட்ரசைட்ட வச்சுக் கோப்பாங்க. அதுல ஒட்டியிருக்குற அசற்றைல் கூட்டம் கழண்டுட்டா ஊசி பலவீனமாயிரும்.

அக்குறணை_மிளகு எழுதியது:
சலாம் எல்லாருக்கும். இத வாசிச்ச பிறகுதான் எங்கட வீட்டு விசயம் ஒண்டு விளங்குது. உம்மாவும் வாப்பாவும் ஹஜ்ஜுக்குப் போக மெனிங்கோகொக்கஸ் ஊசி கட்டாயம், ஏ சி டபிள்யூ வை நாலு வகைக்கும். விதிமுறைய வாசிச்சா வெறும் பல்சக்கரைட்டு ஊசின்டா 3 வருசம் செல்லும், இணைப்பு ஊசின்டா 5 வருசம்னு இருந்திச்சு. ஒரே நோய்க்கு ஏன் ரெண்டு கணக்குனு அந்த நேரம் யாருமே சொல்லல்ல. அந்தப் பின் அடிச்ச பக்கம்தானா காரணம்?

லெப்_மேசை எழுதியது:
அதேதான் நானா. டீ கலத்தோட உதவி கிடைச்சா ஞாபகம் நிக்கும், வெறும் சீனில அது நிக்காது. அத விட மோசம், வெறும் சீனி ஊசிய திரும்பத் திரும்பப் போட்டா சில வகைகளுக்கு இரண்டாம் தடவ பதில் முதல் தடவைய விடக் குறையுது. இன்னொண்ணும் இருக்கு, இணைப்பு ஊசி தொண்டைலயும் மூக்குலயும் கிருமி தங்கி இருக்குறதையும் குறைக்கும், அதனால ஊசி போடாத கிழவன் கிழவிக்கும் பாதுகாப்பு. இலட்சக்கணக்கான சனம் கூடுற ஊருக்கும் நெருக்கமா வாழுற லயத்துக்கும் இதுதான் பெரிய விசயம்னு நான் நெனக்கிறேன்.

அப்புத்தளை_காத்து எழுதியது:
விளக்கத்துக்கு நன்றி தம்பி, 197 விசயம் எனக்குத் தெரியாது. ஆனா இப்ப வேற ஒரு சந்தேகம். பென்டால ஏற்புவலி இருக்கு, அதுல இருக்குற ஹிப்புக்கும் காவி ஏற்புவலினு சொல்றாங்க, தாய்க்கும் கர்ப்பத்துல ஏற்புவலி ஊசி, நெருப்புக்காய்ச்சல் புது ஊசிக்கும் காவி ஏற்புவலி. ஒரே பக்கத்த எல்லாக் கடிதத்துலயும் பின் அடிச்சா கந்தோர்க்காரருக்கு சலிச்சுப் போகாதா?

லெப்_மேசை எழுதியது:
அண்ணே, இந்தக் கேள்விக்காக மாநாடே நடக்குது. ஆமா, சலிக்கும். ஏற்கனவே அந்தப் புரதத்துக்கு எதிரா நிறைய பிறபொருளெதிரி இருந்தா அது காவிய முதல்லயே மூடிப் பிடிச்சிரும், இல்லன்னா புரதத்துக்கான பீ கலங்கள் முந்திக்கிட்டு எல்லாத்தையும் பிடுங்கிக்கும், சீனிக்கான பீ கலத்துக்கு மிச்சம் கிடைக்காது. 1998ல வந்த ஒரு ஆய்வுல ஏற்புவலிப் புரதத்துல கோத்த நியூமோகொக்கஸ் ஊசிய, அதே புரதத்துல கோத்த ஹிப் ஊசியோட சேத்து குழந்தைகளுக்குப் போட்டாங்க, நியூமோகொக்கஸ் அளவு கூடக் கூட ஹிப்புக்கும் ஏற்புவலிக்கும் பதில் குறைஞ்சுது. சில நேரம் முன்கூட்டியே காவிய அறிமுகப்படுத்தினது உதவியாவும் இருக்கும், ரெண்டும் நடக்கும். எவ்வளவு அளவு, எந்த இடைவெளி, எந்த காவிங்கறதப் பொறுத்தது.

அதனாலதான் நியூமோகொக்கஸ்ல வகைங்க 7, 10, 13, 20னு கூடக் கூட இந்தத் தலையிடியும் கூடுது. ஒரு பத்து வகை ஊசில இத வேற மாதிரி செஞ்சாங்க, எட்டு வகைக்கு புரதம் டி (ஆங்கில D, டீ கலத்தோட T இல்ல), ஒண்ணுக்கு ஏற்புவலி டொக்சொயிட், ஒண்ணுக்கு தொண்டைக்கரப்பான் டொக்சொயிட். அந்தப் புரதம் டி இன்னொரு கிருமியோட மேற்பரப்புல இருந்து எடுத்தது, காது வலிய உண்டாக்குற ஹீமோஃபிலஸ், அதனால காவியே ஒரு தடுப்பூசியாவும் வேல செய்யுமானு எதிர்பாத்தாங்க.

கிளினிக்_அக்கா எழுதியது:
காவியே தடுப்பூசியா வேல செஞ்ச ஒரு கத எனக்குத் தெரியும் தம்பி, ஒரு பயிற்சி வகுப்புல சொன்னாங்க, ஆப்பிரிக்கால மெனின்ஜைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்) ஏ வகைக்கான ஊசி.

லெப்_மேசை எழுதியது:
ஆமா அக்கா, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. சஹாராவுக்குத் தெற்கால ஒரு வரிசை நாடுங்க, 1996, 97ல மட்டும் கிட்டத்தட்ட 2,50,000 பேருக்கு வந்து 25,000 பேர் செத்தாங்க. பெரிய கம்பனிகளுக்கு அதுல இலாபம் இல்ல. புனேல இருக்குற சீரம் நிறுவனம் செஞ்சு குடுத்துச்சு, கோக்குற முறை அமெரிக்க அரசாங்க லெப்ல இருந்து, காவி ஏற்புவலி டொக்சொயிட், விலை ஒரு டோஸ் 50 சதத்துக்குக் கீழ, அமெரிக்கக் காசுல. 2010 டிசம்பர்ல புர்கினா ஃபாசோல தொடங்கி 30 கோடிப் பேருக்கு மேல போட்டாங்க, ஏ வகை கிட்டத்தட்ட ஒழிஞ்சுபோச்சு. 1 வயசுல இருந்து 29 வயசு வரைக்கும் போட்டதால ஏற்புவலிக்கான பாதுகாப்பும் கூடவே கூடிச்சு. யாரும் முழு டொக்சொயிட் ஊசிக்குப் பதிலா இத நெனக்கக் கூடாது, ஆனா அப்படி நடந்துச்சு.

ஏஎல்_பயோ_பண்டாரவளை எழுதியது:
அப்ப காவி எதுவா இருந்தாலும் பிள்ளை பாதுகாப்பாகும்தானே அண்ணா? சீனி ஒண்ணுதானே?

லெப்_மேசை எழுதியது:
இல்ல தங்கச்சி, இதத்தான் நான் இந்த இழைல சொல்லணும்னு இருந்தேன், நீயே கேட்டுட்ட. நான் இந்தத் துறைக்குப் போனதே இந்தக் கதைய வாசிச்ச பிறகுதான்.

முதலாவது ஹிப் இணைப்பு ஊசிக்கு காவி தொண்டைக்கரப்பான் டொக்சொயிட். பின்லாந்துல போட்டுப் பாத்தப்போ 94 வீதம் பாதுகாப்பு, எல்லாரும் கொண்டாடினாங்க. அதே ஊசிய அலாஸ்கா பூர்வீகக் குழந்தைகளுக்குப் போட்டாங்க, 35 வீதம். ரெண்டு ஆய்வும் 1990லதான் வெளிவந்துச்சு. பின்லாந்துல நோய் கொஞ்சம் பிந்தி வரும், மூணு டோஸ் போட்டு உடம்பு தயாராகுற வரைக்கும் நேரம் கிடைக்குது. அலாஸ்காவுல சின்ன வீட்டுல நிறையப் பேர், கடும் குளிர், தண்ணி வசதி குறைவு, கிருமி பிள்ளைய நாலாம் அஞ்சாம் மாசத்துலயே பிடிச்சிரும். அந்த ஊசி அவ்வளவு சீக்கிரம் எழுப்பாது.

அதே நேரம் அமெரிக்கப் பூர்வீக இனமான நவஹோ மக்கள் பிள்ளைங்ககிட்ட வேற காவியோட ஒரு ஹிப் ஊசி, மெனிங்கோகொக்கஸ் பி வகையோட வெளிச்சவ்வுப் புரதக் கூட்டம். அதோட சிறப்பு என்னன்னா ரெண்டு மாசத்துல போடுற முதல் டோஸுக்கே பதில் குடுக்கும், ஏன்னா அந்தச் சவ்வுப் புரதம் டீ கலத்த எழுப்புறதோட நிக்காம உடம்போட எச்சரிக்கை மணியையும் தானே அடிக்கும். 90 வீதத்துக்கு மேல பாதுகாப்பு. அலாஸ்காவும் அதுக்கு மாறுச்சு, நோய் விழுந்துச்சு. பிறகு 1996ல வசதிக்காக சி.ஆர்.எம். காவி உள்ள கூட்டு ஊசிக்கு மாத்தினாங்க, நோய் திரும்ப தலையெடுத்துச்சு, திரும்பவும் பழைய காவிக்கே போனாங்க. சீனி அதே வகைதான், முக்கியமா மாறினது பின் அடிச்ச பக்கம்.

இத வாசிச்ச அன்னைக்கு எனக்கு எங்க பாட்டியோட லயக் காம்பராதான் ஞாபகம் வந்துச்சு, பத்துக்கு பத்து அறைல எட்டுப் பேர், அடுப்புப் புகை, ஈரச் சுவர். ஊசிய சோதிக்கிறது யாரோட வீட்டுலங்கறதப் பொறுத்து பதில் மாறும்னா நம்ம வீடுகளையும் அந்தக் கணக்குல யாராவது சேக்கணும்.

ஏஎல்_பயோ_பண்டாரவளை எழுதியது:
அப்ப அந்தச் சவ்வுப் புரதத்தையே எல்லா ஊசிக்கும் போட்டுரலாமே?

லெப்_மேசை எழுதியது:
முதல் டோஸ்ல முந்தும், ஆனா முழுத் தொடர் முடிஞ்ச பிறகு பாத்தா ஏற்புவலிக் காவிதான் கூடின அளவு பிறபொருளெதிரி குடுக்கும். செய்றதும் கஷ்டம், அது ஒரு புரதம் இல்ல, குமிழி மாதிரி ஒரு கூட்டம். எந்த நோய், எந்த வயசுல பிடிக்கிது, கூட என்னென்ன ஊசி போடுறாங்க, விலை என்ன, இவ்வளவையும் பாத்துத்தான் காவிய எடுக்கணும். நெருப்புக்காய்ச்சலுக்கு வியட்நாம்ல 2001ல சூடோமோனாஸ் கிருமியோட நச்சில்லாத புரதத்தக் காவியா வச்சு 2 முதல் 5 வயசுப் பிள்ளைங்ககிட்ட 91.5 வீதம் கிடைச்சுது, ஆனா பிறகு உலகம் முழுக்கப் போனது பாரத் பயோடெக்கோட ஏற்புவலிக் காவி உள்ள ஊசிதான்.

கிளினிக்_அக்கா எழுதியது:
நெருப்புக்காய்ச்சல் பேச்சு வந்ததால சொல்றேன். ஊற்றுத் தண்ணியையும் ஓடைத் தண்ணியையும் கொதிக்க வைக்காமக் குடிக்கிற வீடு இன்னும் இருக்கு. பழைய வீஐ ஊசி ரெண்டு வயசுக்கு மேலதான், இணைப்பு ஊசிய 6 மாசத்துல இருந்தே போடலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊசி வந்தாலும் வராட்டியும் தண்ணிய கொதிக்க வைங்க.

ஹிப் விசயத்துல, பென்டா நம்ம நாட்டுக்கு 2008ல வந்துச்சு, இடையில நிறுத்தி 2010ல திரும்பத் தொடங்கினாங்க. அந்த நேரம் தாய்மாருக்கு பயம், நான் வீடு வீடாப் போய் உக்காந்து பேசினேன், ஆனா காவி கீவி எல்லாம் எனக்கே அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா சொல்லியிருப்பேன்.

மழைத்துளி_தலவாக்கலை, ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, முதல் டோஸ் எந்த ஊசியோ முடிஞ்சவரைக்கும் அதே ஊசியாலதான் தொடர முடிக்கணும்.

மழைத்துளி_தலவாக்கலை எழுதியது:
நேத்து போட்டாச்சு. ராத்திரி கொஞ்சம் உடம்பு சுட்டுச்சு, தொடையில தடிப்பு, காலைல பால் நல்லாக் குடிச்சான், இப்ப மாமியார் மடியில தூக்கம். அங்க மிஸ் கார்ட்ல நிமோனியா ஊசி 1னு மட்டும்தான் எழுதினாங்க. நான் ஊசியோட முழுப் பேரையும் பேட்ச் நம்பரையும் எழுதித் தாங்க மிஸ், அடுத்த தடவ வேற இடத்துல போட வேண்டி வந்தாலும் அதே காவி உள்ளதா பாக்கணும்னு சொன்னேன். அவங்க பேனாவ வச்சிட்டு காவின்னா என்னன்னு கேட்டாங்க, வெளில பத்துப் பேர் வரிசைல நின்னதால கடிதம் கதைய மட்டும் சொல்லிட்டு வந்தேன். பெட்டியோட ஒட்டுத் தாளையே கிழிச்சு கார்ட்ல ஒட்டிக் குடுத்தாங்க.